பெரிய டிரம் சும்மா இருந்த நாள்

மகன்,

உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் உட்காரச் சொல்கிறது, அப்படி ஒரு நிலையில்தான் இதை எழுதுகிறேன். அடுப்பில் பருப்பு வேகிறது. வெளியே காலையிலிருந்து மழை வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் அப்பா வேலைக்குப் போய்விட்டார். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார், திரும்பி வந்து எடுத்தார், பிறகு செருப்பு மாட்டுகிற நேரத்தில் அதை வாசலிலேயே சாத்திவிட்டுப் போய்விட்டார். மனுசனுக்கும் என்னைப் போலத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை வாட்ஸப்பில் அனுப்பலாம்தான். அனுப்பினால் நீ பார்ப்பாய், நீலக்கோடு விழும், அதோடு சரி. போனில் பேசலாம் என்றால் "சாப்டியாம்மா, அங்க மழையாம்மா" என்பதற்கு மேல் நீ வாய் திறப்பதில்லை. அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. ஆகவே காகிதம். இதை வேறு யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. பல்லேகல கிரிக்கெட் மைதானத்துப் புல்மேட்டில் அத்தனை சனத்துக்கு நடுவில் எழும்பி நின்று அம்பயரைத் திட்டியவளுக்கு என்ன ரகசியம் இருக்கப்போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம கண்டி அணி திரும்பவும் பல்லேகலவில் ஆடியது. கொழும்பில் இருந்து நீ பார்த்தாயா தெரியாது. அங்கே என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் போன வருசத்து மெச்சில் இருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். அந்த நாளை நீ ஒரு விதமாக மனதில் வைத்திருக்கிறாய், அப்பா ஒரு விதமாக வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

உனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து நம் வீட்டில் ஒரு பெரிய டிரம் இருக்கிறது. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அது நிற்கிற இடத்தில் மற்ற வீடுகளில் பிரிட்ஜ் நிற்கும். கலியாணமான புதிதில் "இதுவா நானா, ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுங்க" என்று நான் சத்தம் போட்டதும், அவர் கொஞ்ச நேரம் யோசித்ததும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. யோசித்தார் பார், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். மெச் நடக்கிற இடத்தில் டிரம்மும் டிரம்பெட்டுமாக நின்று ஆட்டம் போடவைக்கிற பப்பரே பேண்ட் என்றால் கூலிக்கு அடிக்கிறவர்கள் என்று உன் ஆபீஸ் ஆட்கள் நினைக்கலாம். நம்முடையது மூன்று சினேகிதர்கள் சொந்தக் காசில் டிக்கட் எடுத்துப்போய், புல்மேட்டில் நின்று, தங்கள் சந்தோசத்துக்கு அடித்தது. ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் பார்க்கிற உன் அப்பாவுக்குப் பெரிய டிரம். திகனவில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற ரிஸ்வான் நானாவுக்குச் சின்ன டிரம். த்ரீவீல் ஓட்டுகிற நிமல் அண்ணனுக்குச் சிம்பல். மூன்று பேரிலும் தொண்டை பெரியது அவருக்குத்தான் என்பதால் தலைவர் பதவியும் அவருக்கே போனது. ஊதுவதற்கு மட்டும் ஆள் இல்லாமல் இருந்தது. ஸ்கூல் பேண்டில் டிரம்பெட் பழகிய நீ, மீசை அரும்புகிற வயதில் அவர்களோடு போய் நின்ற பிறகுதான் அது பேண்ட் ஆனது. "இவ்வளவு நாளும் நாங்க தகரம் தட்டியிருக்கோம்" என்று நிமல் அண்ணன் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு அது அவ்வளவு பெருமை.

அவர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி அணியில் யார் பேட்டோடு இறங்கினாலும் அவருக்கென்று ஒரு மெட்டு உண்டு. எந்த மெட்டானாலும் பெரிய டிரம்தான் தொடங்கும். அதன் அடி விழாமல் டிரம்பெட் வாய் திறக்காது. மல்லிக்கு மட்டும் அப்பா வைத்திருந்தது தப்பு மேளத்து அடி. அவர் பிறந்து வளர்ந்த ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு அடிக்கிற அதே அடியைப் பெரிய டிரம்முக்கு மாற்றி அவர் தொடங்க, அதற்கு மேல் நீ ஊதினாய். மல்லி அவனுடைய பெயர் இல்லை. புல்மேட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், சிங்களத்தில் தம்பி என்று. ஹேவாஹெட்டப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளை, தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. ஒருநாள் நம் மேட்டுக்குக் கீழே பௌண்டரியில் பந்து பிடிக்க நின்றவன், ஓவர் மாறுகிற நேரம் திரும்பி, அவனுக்குத் தெரிந்த தமிழில், "அங்கிள், அது எங்க பக்கத்து தோட்டத்து அடி" என்றான். உன் அப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை, சந்தோசத்தில். அதன் பிறகு அவன் அரைச் சதம் அடித்தால் பேட்டை முதலில் நம் மேட்டுப் பக்கம்தான் தூக்குவான்.

பிறகு அந்த மழை வந்தது. தோட்டத்தில் மண் சரிந்து, உன் அப்பாவின் அக்கா செல்லம்மா அத்தை இருந்த லயம், அந்த வரிசை வீடு அத்தனையும், உடைந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். லயத்து ஆட்களை ஸ்கூல் ஹோலில் கொண்டுபோய் வைத்தார்கள், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி. அந்தக் கொஞ்ச நாள் மாதக்கணக்கில் போனது. அப்போதுதான் மல்லி கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஒரு மெச்சில் இறங்கினான். மெச் முடிந்து டீவிக்காரர் கேட்டபோது, "எங்க வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க இன்னும் ஸ்கூல் ஹோல்ல படுக்கிறாங்க. அவங்களுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் இத கழட்டமாட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நிமிசம் பயம் வந்து வாசல் கதவைச் சாத்தினேன். இரண்டும் ஒன்றாக வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அடுத்த நாள் ஊரே வேறு மாதிரி இருந்தது. "நாங்க காசு குடுக்கிறது அவன் அடிக்கிறத பார்க்க, அவன் பேசுறத கேக்க இல்ல" என்று அம்பிட்டிய பஸ்ஸில் ஒருவர் சொன்னார். "எங்க ஊர் தண்ணியில போனப்ப இவன் எங்க போனான்" என்றார் இன்னொருவர். சில பொடியன்மார் தாங்களும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு டவுனில் சுற்றினார்கள். நான் தைக்கிற கடையில் என்னோடு துணி வெட்டுகிற குமாரி, மல்லியின் படத்தைப் போன் முகப்பில் வைத்திருந்தவள், அதை எடுத்துவிட்டுத் தன் பிள்ளையின் படத்தைப் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாங்கள் மெச் பேசுவதை விட்டுவிட்டு மரக்கறி விலை பேசுகிறோம். ஒரு பிள்ளை கையில் ஒரு முழம் துணி கட்டியதற்கு இவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததும் நல்லதுதான் போல.

அடுத்த மெச் பல்லேகலவில். அதற்கு முன்னால் நிமல் அண்ணன் வீட்டில் மூன்று பேரும் கூடினார்கள். நீ வேலையில் இருந்தாய். "மத்தவங்க எல்லாருக்கும் அடிப்போம். மல்லி இறங்கினா மட்டும் சும்மா இருப்போம். ஆதரவும் இல்ல, எதிர்ப்பும் இல்ல" என்று நிமல் அண்ணன் சொன்னார். ரிஸ்வான் நானா தலையாட்டினார். உன் அப்பாவும் தலையாட்டினார். இதை உன்னிடம் சொல்கிற பொறுப்பு அப்பாவுடையது. அவர் சொல்லவில்லை. மெச் நாள் காலையில் டிரம்மைத் தூக்குகிறார், வைக்கிறார், உன் முகத்தைப் பார்க்கிறார், தொண்டையைச் செருமுகிறார், தண்ணீர் குடிக்கிறார். சொல்லுங்களேன் என்று நான் கண் காட்டினேன். "கிரவுண்டுக்குப் போய் சொல்றேன்" என்றார். போயும் சொல்லவில்லை.

மிச்சத்தை நீ உன் பக்கத்தில் இருந்து பார்த்தாய். என் பக்கத்தில் இருந்து எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முதல் விக்கட் விழுந்தது. மல்லி படியிறங்கி வந்தான், கையில் அந்தப் பட்டி. நீ டிரம்பெட்டை உதட்டில் வைத்து, அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்பா கோலை டிரம்மின் விளிம்பில் வைத்துக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ பார்க்கிறாய், அவர் பார்க்கவில்லை. மல்லி பாதித் தூரம் வந்துவிட்டான். அடிக்காமல் இருந்தால் யார் பக்கமும் இல்லை என்று ஆகிவிடும் என்பது இந்த மூன்று பேரின் கணக்கு. எப்போதும் சத்தம் வருகிற இடத்தில் சத்தம் வராமல் போனால் சனம் அதை எப்படி எடுக்கும் என்று மூன்று மூளையிலும் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. பின்னால் இருந்து ஒருவன் சிங்களத்தில் கத்தினான், "பேண்ட்காரனுக்கே இவன் வேணாமாம்!" அதோடு தொடங்கியது. முதலில் நம் மேட்டில் ஹூ என்று கேலிக் கூச்சல் போட்டார்கள், பிறகு பக்கத்து மேட்டில், பிறகு கூரை போட்ட பக்கத்திலும். நம் பேண்ட் சும்மா இருந்துதான் அந்த ஹூவுக்குக் கொடி காட்டியது. மல்லி ஒருமுறை நம் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அன்று முழுக்கப் பார்க்கவில்லை. நன்றாக ஆடினான், அரைச் சதமும் அடித்தான். பேட்டைச் சுற்றிவரத் தூக்கிக் காட்டினான், நம் மேட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை.

நான் என்ன செய்தேன் என்று நீ கேட்டதே இல்லை. நான் முகம் பார்த்தேன். முன்னால் இருந்தவர், பின்னால் இருந்தவர், பக்கத்துப் பாயில் பிள்ளைகளோடு இருந்த பெண், எல்லோர் முகத்தையும் பார்த்தேன். இவர் எந்த ஆள், அவர் எந்த ஆள், யார் என் பொட்டைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். அத்தனை வருசம் அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் இருப்பவர் யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆறு அடித்தால் கைக்கு எட்டுகிறவளைக் கட்டிப்பிடிப்பேன், அவ்வளவுதான். அந்த ஒரு மெச்சில் அது போய்விட்டது. இதற்காக எனக்கு மல்லிமேல் கோபம் வந்தது என்று சொன்னால் நீ என்மேல் பாய்வாய். வந்ததுதான். நம் சனத்துக்காகப் பட்டி கட்டிய பிள்ளைமேல், என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டானே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்தை நினைத்து வெட்கம் வந்தது. ஒரு ரசிகையின் மனது இப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய.

குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் அம்பிட்டிய பஸ்ஸுக்கு நின்றபோதுதான் நீ வெடித்தாய். "அவன் ஒங்க அக்காவுக்காக கட்டினான்பா. நீங்க ஒரு தட்டு தட்டல. பயந்தாங்கொள்ளி." அப்பா, "ஒனக்கு வெளங்காது" என்றார். "எது வெளங்காது?" "கத்தாத, ஆளுங்க பாக்குறாங்க." "அதான்! எப்பவும் ஆளுங்க பாக்குறாங்க! ஒங்களுக்கு வாழ்க்க முழுக்க ஆளுங்க பாக்குறாங்க!" என்று கத்தினாய். கடலை விற்கிறவர்கூட வாயை மூடிக்கொண்டார். நான் இரண்டு பேரின் சட்டையையும் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றினேன். கொழும்புக்கு வரச்சொல்லிக் கம்பனி கேட்டபோது அதுவரை மாட்டேன் என்று நின்ற நீ, அந்தக் கிழமையே சம்மதித்துப் பெட்டி கட்டினாய். டிரம்பெட்டை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனாய். சட்டைகளை மறக்காதவன் அதை மறந்திருக்கமாட்டாய்.

உன் கோபம் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும், இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருக்கிறேன். நீ ஏன் ஊதவில்லை? டிரம் விழாமல் ஊதக்கூடாது என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பழக்கம். அதைப் பார்லிமெண்டில் சட்டமாகப் போடவில்லை. டிரம்பெட் உன் உதட்டில் இருந்தது, மூச்சு உன்னுடையது. நீயும் அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு நீ கத்தியதில் பாதி அப்பாவுக்கு, பாதி உனக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. பிழையென்றால் என்னைத் திட்டி எழுது. எழுதினால் போதும். யாராவது ஒருவர் முதலில் அடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அடிக்காதவர்மேல் எல்லாப் பழியையும் போடுவது சுலபம். நானும் அதைத்தான் செய்தேன், அதனால் தெரியும்.

நீ போன பிறகு இந்த வீட்டில் மெச் பார்த்த அழகைக் கேள். டீவியைப் போடுவேன், சத்தத்தைக் குறைப்பேன். மல்லி இறங்கினால் அப்பா எழும்பிப்போய்க் கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுவார். அவன் அவுட்டானதும் வந்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் போல, "எத்தன அடிச்சான்?" என்பார். ஒருநாள் நிமல் அண்ணன் வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைத் தொடாமல், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, அவருடைய தமிழில் சொன்னார், "நங்கி, நான் கெட்டது நெனச்சு சொன்னது இல்ல. அங்க சண்ட வந்தா, நான் சிங்களம், என்னைய அடிக்கமாட்டாங்க. இவங்க ரெண்டு பேரையும்தான் அடிப்பாங்க. எனக்கு அதுதான் பயம்." ரிஸ்வான் நானாவும் ஒருநாள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார், "எரிஞ்ச கடைய திரும்பக் கட்டினவன் நான், தங்கச்சி. அண்டைக்கு என்ட கை தானா நிண்டுட்டு." திகனவில் முஸ்லிம் கடைகளைத் தேடித் தேடி எரித்த அந்த நாட்களை நீயும் பார்த்தாய், மறந்திருக்கமாட்டாய். நீ கோழை என்று நினைக்கிற மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் பயந்தவர்கள். அதனால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு நானும் அப்பாவும் ஹேவாஹெட்ட போனோம். ஸ்கூலைத் திறக்கவேண்டும் என்று அவர்களை ஹோலில் இருந்து எடுத்து, கீழே தகரக் கொட்டில்களில் வைத்திருந்தார்கள். வெயிலுக்கு உள்ளே இருக்க முடியாது, மழைக்கு உள்ளே பேச முடியாது. செல்லம்மா அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏன் தம்பி, அன்னைக்கு ஒன் டிரம்முக்கு என்னாச்சு, ரிப்பேரா?" என்று கேட்டார். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "ஹோல்ல இருந்த மொத்த சனமும் ஒரே போன சுத்தி ஒக்காந்திருந்தோம். எங்க பய எறங்குறப்ப என் தம்பி அடி கேக்கும், எல்லாரும் வாய மூடுங்கன்னு நான்தான் அதட்டுனேன். அவன் எறங்குறான், சத்தத்தக் காணோம். கவரேஜ் போயிருச்சுன்னு ஒருத்தன் போன தூக்கிக்கிட்டு வெளிய ஓடுறான், நாங்க எல்லாரும் அவன் பின்னாடி ஓடுறோம். அப்பறம் ஹூ போடுறது கேட்டுச்சு. அப்பத்தான் போன்ல பழுது இல்லன்னு வெளங்குச்சு." இதைச் சொல்லிவிட்டு அத்தை சிரித்தார், அவர்கள் ஓடிய கோலத்தை நினைத்து. "போகட்டும் விடு, அம்பது அடிச்சான்ல" என்று அப்பாவின் கையில் தேத்தண்ணீரைக் கொடுத்தார். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போனது, அத்தை திரும்பச் சூடாக்கிக் கொடுத்தார், அதுவும் ஆறியது.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி அப்பா சொன்னார், "எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. நான் அடிச்சிருந்தா, தமிழன், அதான் அடிக்கிறான்னு சொல்லியிருப்பாங்க. கடையில மொதலாளி என்ன நெனப்பாருன்னு பயம். ஒன்ன யாராவது ஏதாவது சொல்லிருவாங்கன்னு பயம். நம்ம பய கேட்டப்ப இத சொல்லியிருக்கலாம். ஒனக்கு வெளங்காதுன்னு சொல்லிட்டேன்." இத்தனை வருசத்தில் உன் அப்பா பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவரிடம் இருந்து அது வெளியில் வர ஹேவாஹெட்ட வளைவுகள் அத்தனையும் தேவைப்பட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது, பரவாயில்லை. அத்தைக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை, மல்லியும் பட்டியைக் கழற்றவில்லை. அப்பா டிரம்மைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். மைதானத்து வாசலில் வைத்து மற்ற இரண்டு பேரிடமும், "நான் இன்னைக்கு மல்லிக்கு அடிக்கப்போறேன். நீங்க தள்ளி நின்னாலும் எனக்கு வருத்தம் இல்ல" என்றார். ரிஸ்வான் நானா தரையைப் பார்த்தார். நிமல் அண்ணன் சிம்பலைக் கையில் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் ஒங்களுக்கு முன்னால நிக்கிறேன்" என்றார். அந்த மனுசனைக் கும்பிடவேண்டும் போல இருந்தது எனக்கு. பிறகு டிக்கட் வரிசையில் அவர் யாரோடோ சண்டை பிடித்ததைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

மல்லி இறங்கினான். அப்பா அடித்தார். படத்தில் வருவது போல எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஹூ போட்டார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று பறந்துவந்து நிமல் அண்ணனின் தோளில் பட்டது. வருசக்கணக்காக எங்களுக்கு மாங்காய் அச்சாறு தருகிற ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு அடுத்த மேட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வணக்கமா, ஐயோ பாவமா, எனக்கு விளங்கவில்லை. சிலர் கைதட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து ரிஸ்வான் நானாவின் சின்ன டிரம் சேர்ந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார். பிறகு தப்படி ஒரு சுற்றுச் சுற்றி, நீ ஊத வேண்டிய இடத்துக்கு வந்தது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் இடம். அப்பாவின் கை தயங்கியதைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, உன் டிரம்பெட்டை நான் வாயால் ஊதினேன். பாப்பரப் பரபர பாம். சுருதியும் இல்லை, மூச்சும் இல்லை. ஹூ போட்டவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் திரும்ப ஹூ போடவில்லை.

இவ்வளவு பாடுபட்டோமே, அந்தப் படுபாவி வந்த வேகத்தில் அவுட்டாகிப் போனான். ஹூவை வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தவன், படிக்குப் பக்கத்தில் நின்று, நம் மேட்டைப் பார்த்து பேட்டைக் கொஞ்சமாகத் தூக்கினான். ஓட்டமே எடுக்காமல் பேட் தூக்கியவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டார். டிரம்மின் வார் இறுகிவிட்டதாம், சரிசெய்கிறாராம்.

திங்கட்கிழமையில் இருந்து கடை முதலாளி அப்பாவோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. யாரோ போனில் எடுத்த வீடியோவை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அதுதான் குடை வாசலில் நிற்கிறது. என்ன வரும் என்று தெரியாது, ஒன்றும் வராமலும் போகலாம். குமாரியும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "அக்கா, நீங்க ஊதினது ஆடு கத்தின மாதிரி இருந்துச்சு" என்றாள். மரக்கறி விலையைத் தவிர வேறு ஒன்றை அவள் என்னிடம் பேசி எவ்வளவு காலம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மெச் வருகிற சனிக்கிழமை. உன் டிரம்பெட்டை அப்பா அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். நான் பார்க்காதவள் போல இருந்தேன். உன்னைக் கூப்பிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. நீ வந்து அவரிடம் மன்னிப்புக் கேள் என்றோ, அவர் கேட்பார் என்றோ எழுத நான் உட்காரவில்லை. புல்மேட்டில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அதை வாயால் நிரப்ப எனக்கு வயதும் இல்லை, மூச்சும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் செல்லம்மா அத்தை போன் எடுத்தார். பின்னால் கொட்டில் சனம் எல்லாம் ஒரே சத்தம். "இன்னைக்கு போன் நல்லா கேட்டுச்சு" என்றார். "தம்பி அடி அப்பிடியே கேட்டுச்சு. ஊதுறதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. ஏன், ஒங்க பய வரலியா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" நான் போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அலுமாரிக்கு மேலே பார்த்தார். பிறகு, "அடுத்த மெச்சுக்கு வந்துருவான்க்கா" என்றார். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

அம்மா